சர்க்கரை: அதிகம்

மலைப்பகுதி உப்பு-சர்க்கரை நெறிமுறை ஆணையம் எதற்காக உருவானது என்று கேட்டால் அதன் ஊழியர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் ஒரு காபி. ஓய்வெடுக்கக் கொடைக்கானல் வந்த ஒரு பெரிய அதிகாரி, விருந்தினர் மாளிகையில் காலையில் எழுந்து, ஏதாவது ஒரு வேலையைத் தானே செய்து பார்க்கலாம் என்ற அபூர்வமான ஆசையில், காபிக்குத் தானே சர்க்கரை போட்டுக்கொண்டார். அது உப்பு. சமையல்காரர் மன்னிப்புக் கேட்டார். அதிகாரி மன்னிக்காமல் அறிக்கை எழுதினார். மூடுபனி விழும் மலைகளில் உப்பும் சர்க்கரையும் ஒன்றுபோலத் தெரிகின்றன, பொதுமக்கள் அன்றாடம் ஏமாறுகிறார்கள், இதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது அதன் சாரம். மக்களுக்கு நாக்கு இருக்கிறதே என்று யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓர் ஆணையர், இரண்டு இணை ஆணையர்கள், ஜீப்புகள், ஏரியைப் பார்த்த ஒரு பழைய பங்களா எதுவும் கிடைத்திருக்காது.

பங்களாவில் கீழே சர்க்கரைப் பிரிவு, மாடியில் உப்புப் பிரிவு. இரண்டு பிரிவினரும் பேசிக்கொள்ளக் கூடாது. பேசினால் கலப்படம். அதனால் உள்ளே இருந்த மாடிப்படியைப் பலகை அடித்து மூடிவிட்டு, வெளியே சுற்றிப் போக இரும்பு ஏணிப்படி வைத்திருந்தார்கள். உள்ளே வருகிறவர்கள் முதலில் ‘நாக்கு நடுநிலை அறை’யில் உட்கார்ந்து, வெந்நீரில் வாய் கொப்பளித்து, சற்று நேரம் எந்த ருசியையும் நினைக்காமல் இருக்க வேண்டும். ‘அளவே அறம்’ என்று சுவரில் எழுதியிருந்தது.

திறப்பு விழாவில் ஆணையர் திருமலைச்சாமி பேசியது ஊரில் பலருக்கு இன்னும் நினைவிருக்கிறது. “நான் சமையலறைக்குள் கால் வைத்ததே கிடையாது. என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். அதனால்தான் எந்தச் சார்பும் இல்லாமல் இந்தப் பொறுப்பை ஏற்க முடிந்தது. எது உப்பு, எது சர்க்கரை என்பதில் இன்றைய தேதி வரை எனக்கு முன்முடிவு எதுவும் இல்லை. ருசி என்பது அவரவர் விருப்பம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியென்றால் எங்களுக்கு எதற்கு ஜீப்?” என்று அவர் கேட்டார். கூட்டம் கைதட்டியது. அடிவாரத்துக்குப் போய்ப் பஞ்சாமிர்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அளக்கலாமா என்று ஓர் ஊழியர் மட்டும் கேட்டார். மறுநாளே அவரை ஊட்டிக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த ஜீப்தான் ஒரு வியாழக்கிழமை நாயுடுபுரத்தில் ரோஷன் பேகத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றது.

ரோஷன் பேகம் அன்று வேலையில் மூழ்கிக் கிடந்தாள். அவள் கணவர் சம்சுல் ஆலம் ஏழுரோட்டில் கம்பளிக் குல்லாவும் கையுறையும் விற்கிறார். மகள் அஸ்ஃபியா பி.காம். முடித்துவிட்டு ஒரு சாக்லேட் கடையில் கணக்கு பார்க்கிறாள். அவளை ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் உஸாமாவுக்குப் பேசியிருந்தார்கள். பையனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. பெண்ணுக்கும் பிடித்திருந்தது, ஆனால் அவள் அதைப் போனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பையனின் அம்மா ஆலிமா மலையேறி வந்து நாள் குறிப்பதாக ஏற்பாடு. அதற்காகத்தான் ரோஷன் பேகம் சமையலறையை நிரப்பி வைத்திருந்தாள். கறிக்கும் ஊறுகாய்க்கும் கல்லுப்பு, மேலே தூவத் தூளுப்பு, மோருக்குக் கொஞ்சம் இந்துப்பு. டீக்குச் சீனி, பாயசத்துக்குச் சர்க்கரை, வட்டலப்பத்துக்குக் கருப்பட்டி, வருகிறவர்களுக்கு இந்தக் குளிரில் இருமல் வந்தால் கற்கண்டு.

ஜீப்பிலிருந்து இறங்கிய கள ஆய்வாளர் அருண்பாண்டியன் செருப்பைக் கழற்றிவிட்டு, மரியாதையாகத்தான் உள்ளே வந்தான். முதலில் தூளுப்பு டப்பாவைத் திறந்தான். உள்ளே துணியில் முடிந்த அரிசி கிடந்தது. கொடைக்கானல் ஈரத்துக்கு உப்பு நீர்விட்டுப் போகும், அதற்காக எல்லோரும் போட்டு வைப்பதுதான். உப்பில் தானியக் கலப்படம் என்று அவன் குறித்துக்கொண்டான். பிறகு வெள்ளை டப்பாவுக்கு வந்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த மலையிலும் அடிவாரத்திலும் வெள்ளையாக இருந்தால் சீனி, பழுப்பாக இருந்தால் சர்க்கரை. ஆணையத்தின் அட்டவணையைத் தயாரித்தவர்கள் சென்னைக்காரர்கள். அவர்களுக்கு வெள்ளைதான் சர்க்கரை. சீனி என்ற சொல்லே அட்டவணையில் கிடையாது.

“இது என்னம்மா?”

“சீனி.”

“அப்படி ஒண்ணு கெடையாதும்மா.”

“கெடையாதா? காலைலதான டீல போட்டேன்.”

அருண்பாண்டியன் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “எனக்குக் கீழ அடிவாரத்துல அய்யம்பாளையந்தாம்மா. எங்க வீட்லயும் சீனிதான். டியூட்டில அந்த வார்த்தையச் சொன்னா மெமோ குடுத்துருவாங்க. சர்க்கரைன்னு சொல்லுங்க.”

“சர்க்கரை அந்தா, அந்தத் தூக்குவாளில இருக்கு.”

“அதுவும் சர்க்கரையா?”

“அதுதான் சர்க்கரை.”

அவன் வெள்ளையையும் சர்க்கரை என்று எழுதினான், பழுப்பையும் சர்க்கரை என்று எழுதினான். கருப்பட்டி அட்டவணையில் ‘சர்க்கரை, கட்டி’ என்று இருந்தது. கற்கண்டு ‘சர்க்கரை, படிகம்’. எல்லாம் ஒரே பத்தியில் போய் விழுந்து, கூட்டிப் பார்த்தால் ஒரு சின்ன மிட்டாய்க் கடைக்குரிய அளவு வந்தது. போகும்போது தெருவில் போகிறவர் நின்று படிக்கிற அளவில், வட்டமான சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றைக் கதவில் ஒட்டினான். ‘இந்த வீட்டில் சர்க்கரை: அதிகம்.’ கிழித்தால் குற்றம் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. கவலைப்பட வேண்டாம், இது சும்மா ஒரு தகவல்தான் என்று சொல்லிவிட்டு அவன் ஜீப்பில் ஏறினான்.

பக்கத்து வீட்டு வேலம்மா வந்து ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தாள். அவள் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தது. அங்கே பழகினபடி அவர்கள் வீட்டில் டீயில் எதையும் கலப்பதில்லை. “வெறுந் தேத்தண்ணிதான் புள்ள, சக்கரையக் கடிச்சிக்கிட்டுக் குடிப்போம்னு சொன்னேன். ‘சர்க்கரை: கடிக்க மட்டும்’னு ஒட்டிட்டுப் போயிட்டான்,” என்று அவள் சொன்னதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆலிமா வந்தார். பெரிய உடம்பு, மண்டியில் கூலியாட்களை விரட்டிப் பழகிய குரல். காரிலிருந்து இறங்கியதும் கதவைப் பார்த்தார். அங்கேயே நின்று படித்தார். அப்புறம் மெதுவாகச் செருப்பைக் கழற்றினார்.

ரோஷன் பேகத்துக்கு அந்த ஸ்டிக்கர் சமையலறை சம்பந்தப்பட்டது. அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. டீ கொடுத்தாள். ஆலிமா டீயை வைத்துவிட்டு அஸ்ஃபியாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு விசாரித்தார்.

“தண்ணி நெறையாக் குடிப்பியாம்மா?”

பெரியவர்கள் கேட்டால் நல்ல பழக்கமாகச் சொல்ல வேண்டும் என்று அஸ்ஃபியா நினைத்தாள். “நெறையாக் குடிப்பேங்க மாமி.”

“அடிக்கடி எந்திரிப்பியோ?”

“தெனமும் வெள்ளனே எந்திரிச்சிருவேன்.”

“காலு மரத்துப் போகுமா?”

“இந்தக் குளுர்ல யாருக்குங்க மரக்காது?”

ஆலிமா கையை விட்டுவிட்டார். வட்டலப்பத்தைத் தொடவில்லை. நாளும் குறிக்கவில்லை. மண்டியில் சோலி கிடக்கிறது என்று வெரசாகக் கிளம்பிப் போனார்.

மறுநாள் தரகர் சைஃபுல்லா போன் செய்தார். இந்த வயதிலேயே பெண்ணுக்குச் சர்க்கரை வியாதி இருப்பதை மறைத்தது தப்பு என்று அங்கே சொல்கிறார்களாம். சம்சுல் ஆலம் திகைத்துப்போய் யார் சொன்னது என்று கேட்டார். உங்கள் வீட்டுக் கதவு சொன்னது என்றார் தரகர். “டாக்டர் சொன்னாக்கூட இன்னொரு டாக்டரப் பாக்கலாம்ங்க. கவர்மெண்டே வீடு தேடி வந்து ஒட்டிட்டுப் போயிருக்குன்னா, முத்திப் போச்சுன்னுதான அர்த்தம்?”

அன்று மாலையே அஸ்ஃபியாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பினார்கள். தனியார் லேப், காசைக் கொடுத்தால் யாருக்கு வேண்டுமானாலும் எதையும் எழுதுவான், கவர்மெண்ட் எழுதினதைக் கவர்மெண்டே அழித்தால்தான் நம்புவேன் என்று ஆலிமா சொல்லிவிட்டாராம்.

உஸாமாவிடமிருந்து அஸ்ஃபியாவுக்குச் செய்தி வந்தது. பரவாயில்லை, பயப்படாதே, தினமும் நடந்தால் கட்டுக்குள் வந்துவிடும் என்று எழுதியிருந்தான். எனக்கு ஒன்றுமே இல்லை என்று அவள் பதில் போட்டாள். எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள், நான் உன்னை விட்டுவிட மாட்டேன் என்று அவன் பதிலுக்குப் பதில் போட்டான். மறுநாள் காய்கறி லாரி ஒன்று நாயுடுபுரத்தில் நின்று ஒரு மூட்டை பாகற்காயை இறக்கிவிட்டுப் போனது. சம்சுல் ஆலத்துக்கு வந்த கோபத்தில் மூட்டையை அப்படியே திருப்பி அனுப்பப் போனார். அஸ்ஃபியா குறுக்கே வந்து நின்றாள். “கெடக்கட்டும் அத்தா,” என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும், இந்தச் சம்பந்தம் எப்படியாவது நடந்தாக வேண்டும் என்பது ரோஷன் பேகத்துக்குப் புரிந்தது.

அவர்கள் ஆணையத்துக்குப் போனார்கள். நாக்கு நடுநிலை அறையில் வாய் கொப்பளித்தார்கள். எந்த ருசியையும் நினைக்காமல் இருக்கச் சொன்னதும் சம்சுல் ஆலத்துக்குப் பசிக்க ஆரம்பித்தது. அது முகத்தில் தெரிந்ததால் அவரை மறுபடி கொப்பளிக்கச் சொன்னார்கள்.

சர்க்கரைப் பிரிவின் இணை ஆணையர் சிவமுருகன் நல்ல மனிதர். முழுக்கதையையும் கேட்டார், வருத்தப்பட்டார், ஸ்டிக்கரை எடுக்க விதி இல்லை என்றார். ஒட்டுவதற்கு மட்டும்தான் விதி எழுதியிருக்கிறார்கள். எடுப்பதற்கு எழுத ஆரம்பித்தபோது டீ இடைவேளை வந்துவிட்டதாம்.

“எதுவுமே அதிகமில்லன்னு ஒரு வீட்டுக்கு எழுதுனேன்னு வைங்க,” என்று அவர் பொறுமையாக விளக்கினார். “அப்புறம் எதுக்கு அந்த வீட்டுக்கு டீசல் போட்டுப் போனேன்னு ஆடிட்ல கேப்பாங்கம்மா. ஒண்ணு செய்யலாம். எங்க பிரிவுல இருந்து விடுவிச்சு, மாடிக்கு அனுப்பி விடுறேன்.”

மாடி என்பது உப்புப் பிரிவு. வெளியே வந்து, இரும்பு ஏணியில் ஏறி, மறுபடி வாய் கொப்பளித்துவிட்டுப் போனார்கள். உப்புப் பிரிவு இணை ஆணையர் சேனாதிபதி அவர்களைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். உப்பை யாரும் சேர்த்து வைப்பதில்லை என்பதால் அவர் பிரிவுக்கு வழக்கே வருவதில்லை. கீழ்ப்பிரிவிலிருந்து ஆள் வருவது இதுதான் முதல் தடவை. அவர் கையாலேயே டீ கொடுத்தார். சர்க்கரை கீழே இருப்பதால் அதில் சர்க்கரை இல்லை. உப்புப் பிரிவினர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் குடிக்கிறார்கள். “கீழ இருக்குறவனுங்களுக்கு ஒரு எழவும் தெரியாதும்மா. சர்க்கரைய வச்சு என்ன பண்ண முடியும்? உப்புதான் எல்லாம். நீங்க இப்ப சரியான எடத்துக்கு வந்துட்டீங்க,” என்றார்.

மறுநாள் சிவப்பு ஸ்டிக்கரின் மேல் நீல ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. ‘சர்க்கரை: இல்லை. உப்பு: அதிகம்.’ ரோஷன் பேகம் நிம்மதியாகப் படம் எடுத்து ஒட்டன்சத்திரத்துக்கு அனுப்பினாள்.

எங்கள் பக்கம் சிறுநீரகம் கெட்டுப்போனால் ‘உப்பு ஏறிடுச்சு’ என்பார்கள். அது படத்தை அனுப்பிய பிறகுதான் ரோஷன் பேகத்துக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் தரகர் போன் செய்துவிட்டார். சர்க்கரை முற்றி உப்பாகிவிட்டதாமே, இவ்வளவு சீக்கிரமாகவா என்று உண்மையான துக்கத்தோடு விசாரித்தார். ஆலிமா வேறு பெண் பார்க்கச் சொல்லிவிட்டாராம். சாயங்காலம் லாரியிலிருந்து ஒரு கட்டு வாழைத்தண்டு இறங்கியது.

இந்த முறை ரோஷன் பேகம் கணவரைக் கடைக்கு அனுப்பிவிட்டுத் தனியாகக் கிளம்பினாள். நாக்கு நடுநிலை அறையைத் தாண்டி, சர்க்கரைப் பிரிவைத் தாண்டி, ஆணையரின் அறைக்குள் நேராகப் போய் நின்றாள். “என் நாக்கு நல்லா இருக்கு சார். உங்க ஸ்டிக்கராலதான் என் மக கல்யாணம் நின்னு கெடக்கு,” என்றாள்.

ஆணையர் திருமலைச்சாமிக்கு அன்று வேறு கவலை. ஆணையத்தால் பயன் அடைந்தவர் ஒருவரையாவது காட்டும்படி தலைநகரிலிருந்து கேட்டிருந்தார்கள். எவ்வளவு தேடியும் அப்படி ஒருவரும் அகப்படவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரோஷன் பேகத்தைப் புதிதாகப் பார்த்தார்.

“உங்கள் வீட்டில் சர்க்கரை அதிகம் இருந்தது. சரியா?”

“அது ரெண்டையும் சேத்து எழுதிட்டாங்க சார்.”

“பிறகு உப்பு அதிகம் இருந்தது.”

“இல்லவே இல்ல சார்.”

“இப்போது இரண்டும் இல்லை என்கிறீர்கள்.”

“ஆமா சார்.”

“இருந்தது, இப்போது இல்லை. நடுவில் உங்கள் வீட்டுக்கு வந்தது யார்? நாங்கள்.” ஆணையர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். ஏரியைப் பனி மூடியிருந்ததால் எதுவும் தெரியவில்லை. தெரிந்தமாதிரி பார்த்துக்கொண்டே பேசினார். “அம்மா, நான் இத்தனை வருட சர்வீஸில் நாலு துறையில் இருந்திருக்கிறேன். எங்கேயும் யாருக்கும் எதுவும் சரியானதில்லை. நீங்கள்தான் முதல் ஆள்.”

அடுத்த வாரம் நகரத்தின் முக்கியமான இடங்களிலும், விழிப்புணர்வு அடிவாரத்துக்கும் போய்ச் சேர வேண்டும் என்று ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வாசலிலும் பிளெக்ஸ் பேனர்கள் வைக்கப்பட்டன. ரோஷன் பேகம், சம்சுல் ஆலம், அஸ்ஃபியா மூவரும் அடையாள அட்டைக்கு எடுத்த படங்களில் முறைத்துக்கொண்டிருந்தார்கள். ‘சர்க்கரையும் உப்பும் அதிகமாக இருந்த குடும்பம். ஆணையத்தின் நடவடிக்கையால் இரண்டும் அடியோடு ஒழிந்தன. மருந்து இல்லை, மாத்திரை இல்லை. அளவே அறம்.’ மருந்து மாத்திரை பற்றிய வரி ஆணையர் எழுதியதல்ல. கொஞ்சம் இடம் மிச்சம் இருந்ததால் பிளெக்ஸ் கடைக்காரர் தன் அனுபவத்திலிருந்து சேர்த்தது.

திங்கட்கிழமை காலை முதல் வேன் வந்தது.

அப்புறம் வந்துகொண்டே இருந்தன. வத்தலக்குண்டிலிருந்து, பழனியிலிருந்து, ஒட்டன்சத்திரத்திலிருந்து, பூண்டியிலிருந்துகூடப் பூண்டு லாரியின் பின்னால் நின்றுகொண்டு வந்தார்கள். வெல்லமும் கருப்பட்டியும் தொட்டு வருஷங்கள் ஆனவர்கள், இன்சுலினை ஐஸ் டப்பாவில் சுமந்தவர்கள், கால் விரல் ஒன்றிரண்டு போனவர்கள், டயாலிசிஸுக்கு நடுவில் ஓய்வு கிடைத்தவர்கள். ஆணையத்தின் வாசலிலிருந்து கீழே ஏரிச்சாலை வரைக்கும் வரிசை நின்றது. வரிசைக்குள்ளேயே சுண்டல் விற்க ஆரம்பித்திருந்தார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு உப்புச் சுண்டல், உப்புக்காரர்களுக்கு உப்பில்லாச் சுண்டல்.

ஆணையத்துக்குள் இந்த வருகை திருவிழாபோல இருந்தது. கீழ்ப்பிரிவும் மேல்பிரிவும் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒன்றோடொன்று பேசிக்கொண்டன, டோக்கன் போடுவது யார் என்று. நாக்கு நடுநிலை அறையில் வெந்நீர் தீர்ந்து, கூட்டத்தைப் பச்சைத்தண்ணீரில் கொப்பளிக்கவிட்டார்கள். வந்தவர்கள் சிகிச்சை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து, துப்பாமல் விழுங்கினார்கள். சிலர் பாட்டிலில் பிடித்து வீட்டுக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

அருண்பாண்டியன் ஓடிப்போய் ஆணையரிடம் சொன்னான். இவர்கள் சர்க்கரை வியாதிக்காரர்கள், நம்மிடம் வர வேண்டியவர்கள் இல்லை. ஆணையர் ஒரு நொடி யோசித்தார். “வியாதி சுகாதாரத் துறையின் வேலை. நாம் அதில் தலையிடக் கூடாது. ஆனால் சர்க்கரை நம் வேலை. அதை விட்டுக்கொடுக்கவும் கூடாது,” என்று சொல்லிவிட்டு மாடி வராந்தாவுக்குப் போனார். கீழே பனிக்குள் தலைகள் தெரிந்தன.

“நம்மை யாருக்கும் தேவையில்லை என்று சொன்னார்கள்,” என்று ஒலிபெருக்கியில் தொடங்கினார். “இங்கே வந்து பார்க்கட்டும். உங்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. ஆனாலும் வந்திருக்கிறீர்கள். ஒரு நிர்வாகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? உங்களிடம் இருக்கும் சர்க்கரையை முழுவதுமாக எங்களிடம் ஒப்படைக்கத் தயாரா?”

தயார் என்று கீழே அத்தனை பேரும் சொன்னார்கள். அவர்கள் அவ்வளவு மனதாரச் சொன்னதில் ஆணையர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரோஷன் பேகத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள். பொன்னாடை போர்த்தி, கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் அவளைப் பார்த்து, நிஜமாகவே போய்விட்டதா என்று கேட்டார்கள். இருந்தால்தானே போவதற்கு என்று அவள் சொன்னாள். அந்தப் பதிலை ஒரு தத்துவமாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டியபடி நகர்ந்தார்கள். பேனரை எடுக்கச் சொல்லிக் கேட்கத்தான் அவள் வந்திருந்தாள். அங்கே கூட்டத்தில் அவள் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை.

அப்போது கவுண்டர் முன்னால் ஒரு பெரிய உடம்பு வந்து நின்றது. துப்பட்டியை மூக்குவரை இழுத்து மூடியிருந்தது. முகம் தெரியவில்லை. அருண்பாண்டியன் பேனாவைத் திறந்தான்.

“சர்க்கரை எவ்வளவு நாளா இருக்கும்மா?”

“பெரியவன் பொறந்ததுல இருந்து இருக்கு.” குரல் தணிந்திருந்தது. தணிந்தும் மண்டியில் ஏலம் கேட்கிற குரல்தான். ரோஷன் பேகம் திரும்பினாள்.

“எவ்வளவு இருக்கு?”

“வெறும் வயித்துலயே முந்நூறு.”

“எனக்குப் புரியுதும்மா. ஆனா இங்க கிலோன்னுதான் இருக்கு. முந்நூறு கிலோன்னு போட்டுக்கிறேன், தப்பா நெனைக்காதீங்க. வீட்ல உள்ளவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. அதான் வேன்ல வந்தேன். பையனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம், தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்?”

ரோஷன் பேகம் பொன்னாடையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்த ஜரிகைச் சத்தத்துக்கு ஆலிமா பக்கவாட்டில் பார்த்தார். இருவர் கண்களும் சந்தித்தன. துப்பட்டி இன்னும் ஒரு விரற்கடை ஏறியது. ஏறி என்ன பயன்.

“விலாசம் சொல்லுங்கம்மா,” என்றான் அருண்பாண்டியன்.

“விலாசம் எதுக்கு?”

“ஸ்டிக்கர் ஒட்ட வரணும்ல? கதவுல ஒட்டுனாத்தான் நடவடிக்கையே ஆரம்பிக்கும். பெருசா இருக்கும், ரோட்ல இருந்தே படிக்கலாம்.”

ஆலிமாவின் வீடு மார்க்கெட் ரோட்டில் இருந்தது. விடிந்தால் பாதி திண்டுக்கல் மாவட்டம் அந்த வழியாகத்தான் தக்காளி ஏற்றிக்கொண்டு போகும். அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். வரிசையை விட்டுப் போகவும் முடியவில்லை. வெறும் வயிற்றில் முந்நூறு.

“நாயுடுபுரம்,” என்றார் ஆலிமா கடைசியில். தெருப் பெயரையும் கதவு எண்ணையும் சொன்னார்.

எழுதிக்கொண்டே வந்த அருண்பாண்டியன் பேனாவை நிறுத்தினான். “இது இந்த அம்மா வீடாச்சே. ஏற்கனவே ரெண்டு ஒட்டியாச்சு.”

“அங்கயே மூணாவதா ஒட்டிருங்க தம்பி. அந்தக் கதவுக்குப் பழகிருச்சு.”

“சொந்தக்காரங்களா இருந்தாத்தான் ஒரே கதவுல ஒட்டலாம். இவங்களுக்கு நீங்க என்ன வேணும்?”

ஆலிமா ரோஷன் பேகத்தைப் பார்த்தார். ரோஷன் பேகம் ஏரிப் பக்கம் பார்த்தாள். அங்கே பனியைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் அவளுக்கு அவசரம் இல்லை.

“சம்பந்தி,” என்றார் ஆலிமா, துப்பட்டிக்குள்.

“என்னம்மா? காதுல விழலை.”

“நல்லா சத்தமாச் சொல்லுங்க மதினி,” என்றாள் ரோஷன் பேகம். “எழுதுறவருக்குக் கேக்க வேணாமா? பின்னாடி நிக்கிறவங்க எல்லாம் உங்க ஊருக்காரங்கதான். அவங்களுக்கும் கேக்கட்டும்.”

ஆலிமா திரும்பி வரிசையைப் பார்த்தார். தரகர் சைஃபுல்லா கையில் ஐஸ் டப்பாவுடன் நான்கு பேர் தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஆலிமா முகத்திலிருந்து துப்பட்டியை விலக்கினார்.

“சம்பந்தி,” என்றார், கொத்தமல்லிக் கட்டை ஏலம் விடுகிற குரலில்.

மாடியில் நின்ற ஆணையர் அதை ஏதோ கோஷம் என்று நினைத்துக் கைதட்டினார். அடுத்து நின்ற தக்காளி வியாபாரி, கவுண்டரில் சொல்ல வேண்டிய வார்த்தை இதுதான் போலிருக்கிறது என்று நினைத்து, தன் முறை வந்ததும் பேர்கூடச் சொல்லாமல், “சம்பந்தி” என்றார். அவருக்குப் பின்னால் நின்றவரும் சொன்னார். அருண்பாண்டியன் எல்லாருக்கும் ரோஷன் பேகத்தின் விலாசத்தையே எழுதினான்.